ரெய்டில் ஒரு டிஸ்க் போனால்: கழற்றுவதற்கு முன்னும் பின்னும்

‘டிகிரேடட்’ (ஒரு டிஸ்க் குறைவாக ஓடுகிறது) என்ற சொல்லோடு சர்வரிலிருந்து மெயில் வந்திருக்கிறது, அல்லது பெட்டியின் முகப்பில் ஒரு ஸ்லாட்டில் மட்டும் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. உடனே போய் அந்த ட்ரேயை உருவத் தோன்றும். உருவாதீர்கள். ஒரு டிஸ்க் போனால் தாங்க வேண்டும் என்றுதான் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ரெய்டே கட்டினோம், அது இப்போது தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. டேட்டா மொத்தமாகப் போன கதைகளைக் கேட்டுப் பாருங்கள், முதல் டிஸ்க் செய்த சேதத்தைவிட அடுத்த அரைமணி நேரத்தில் ஆட்கள் செய்ததுதான் பெரிதாக இருக்கும்: நல்ல டிஸ்க்கை உருவியது, ‘ஒரு ரீபூட் போட்டுப் பார்ப்போம்’ என்றது, கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கார்டு) கேட்ட கேள்வியைப் படிக்காமலேயே எஸ் அடித்தது.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது சின்ன ஆபீஸ்களில் சாதாரணமாக இருக்கும் அமைப்பு: லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர், அதில் 8 டிபி சாட்டா டிஸ்க் ஆறு, லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டி-ஆடம் வைத்துக் கட்டிய ரெய்டு 6, அதாவது இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் வகை. ஹார்டுவேர் கன்ட்ரோலரும், ரெய்டையும் தானே செய்துகொள்ளும் கோப்பு முறையான இசட்எஃப்எஸ்ஸும் எங்கே மாறுபடுகின்றன என்பதை இடையிடையே சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடம்

ரீபூட் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வருடக்கணக்காக நிற்காமல் சுழன்ற டிஸ்க், ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாமலே போவது உண்டு. போன டிஸ்க்கைச் சொல்லவில்லை, மீதமுள்ள ஐந்தைச் சொல்கிறேன். ஒரே நாளில் வாங்கி, ஒரே பெட்டியில், ஒரே சூட்டில் ஓடியவை அவை. தவிர, என்ன நடந்தது என்ற தடயம் கெர்னல் லாக்கில் இருக்கிறது, அதைக் கோப்பாகச் சேமிக்காத சிஸ்டத்தில் ரீபூட்டோடு அதுவும் போய்விடும்.

அடுத்து பேக்கப். கடைசியாக எப்போது ஓடியது, சரியாக முடிந்ததா என்று பாருங்கள். பழசாக இருந்தால் முக்கியமானதை மட்டும் இப்போதே வெளியே நகல் எடுங்கள்: கணக்கு, டேட்டாபேஸ், இந்த வாரம் மாறிய கோப்புகள். ரீபில்டு என்பது போன டிஸ்க்கின் டேட்டாவைப் புது டிஸ்க்கில் திரும்பக் கட்ட, மிச்சமுள்ள டிஸ்க்குகளின் ஒவ்வொரு செக்டரையும் படிக்கிற வேலை, முக்கியமான 200 ஜிபியை நகல் எடுப்பது அதில் ஒரு சிறு பங்கு. அதனால் எது முதலில் என்று யோசிக்கவே வேண்டாம். ‘ரீபில்டு முடியட்டும், அப்புறம் பேக்கப் எடுக்கலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அப்புறம் இப்போதைய நிலையை எழுதி வையுங்கள், அந்த சர்வரிலேயே அல்ல, வேறொரு கணினியில். ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பில் என்ன இருக்கிறது, எம்டி-ஆடத்தின் ‘டீட்டெய்ல்’ என்ன சொல்கிறது, ஒவ்வொரு உறுப்பினர் டிஸ்க்குக்கும் ‘எக்ஸாமின்’ என்ன காட்டுகிறது, கெர்னல் லாக்கில் கடைசி ஒரு நாள், எல்லா டிஸ்க்குகளின் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் பதிவு), இத்தனையும். இது வெட்டி வேலை மாதிரித் தெரியும். நாளைக்கு இன்னும் சில டிஸ்க்குகளும் விழுந்து அரேயை (டிஸ்க்குகள் சேர்ந்த ரெய்டுத் தொகுதியை) கையால் ஒட்டவைக்க வேண்டி வந்தால், எந்த டிஸ்க் எந்த வரிசையில் இருந்தது, சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் ஒரே மூச்சில் எழுதும் துண்டின் அளவு) என்ன, டேட்டா எந்த ஆஃப்செட்டில் தொடங்கியது என்பதெல்லாம் இந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

எம்டிஸ்டாட்டைப் படிப்பது எளிது. ஆறு ‘யு’ இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து ‘யு’வும் ஒரு அடிக்கோடும் இருந்தால் ஒன்று போயிருக்கிறது. ஆனால் அந்த அடிக்கோடு நான்காவது இடத்தில் இருக்கிறது என்பதற்காகப் பெட்டியின் நான்காவது ஸ்லாட்டுக்குக் கையைக் கொண்டு போகாதீர்கள். அது அரேக்குள் அந்த டிஸ்க் வகிக்கும் இடம், ஸ்லாட் எண்ணோடு அதற்கு ஒரு சம்பந்தமும் கிடையாது.

போனது டிஸ்க்தானா?

அரேயிலிருந்து வெளியே தள்ளப்பட்ட டிஸ்க் எல்லாம் செத்த டிஸ்க் இல்லை. கேபிள், பேக்ப்ளேன் (ட்ரேக்கள் செருகும் பின்பலகை), பவர் சப்ளை, கன்ட்ரோலர் ஃபர்ம்வேர் என எது சொதப்பினாலும் பழி டிஸ்க்கின் மேல்தான் விழும். புது டிஸ்க் வாங்கிப் போட்டு, ஒரு வாரத்தில் அதுவும் அதே ஸ்லாட்டில் ‘செத்து’, கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டி ஓடியவர்கள்தான்.

முதலில் கெர்னல் லாக். ‘மீடியம் எரர்’ என்றோ ‘யுஎன்சி’ என்றோ இருந்தால் தட்டிலேயே படிக்க முடியாத செக்டர் இருக்கிறது என்று பொருள், டிஸ்க்கின் குற்றம்தான். ‘ஐசிஆர்சி’ என்று இருந்தால் டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே டேட்டா கெட்டிருக்கிறது, கேபிளைப் பாருங்கள். ‘ஹார்டு ரீசெட்டிங் லிங்க்’ மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், பவர் சப்ளையையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மலிவான ஒரு ஸ்ப்ளிட்டரிலிருந்து நாலு டிஸ்க்குக்கு மின்சாரம் பிரித்துக் கொடுத்திருந்தால் முதல் சந்தேகம் அந்த ஸ்ப்ளிட்டர் மேல்தான் எனக்கு வரும். இரண்டு மூன்று டிஸ்க் ஒரே நொடியில் காணாமல் போயிருந்தால் லாக்கைத் தோண்டவே வேண்டாம். ஒரே கணத்தில் மூன்று டிஸ்க் சாவது அபூர்வம், அவை மூன்றுக்கும் பொதுவான கேபிளோ கார்டோ எது என்று தேடுங்கள்.

அடுத்து, ஸ்மார்ட் பதிவைப் படித்துக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல். மேலே பெரிதாக ‘பாஸ்டு’ என்று போட்டிருக்கும், அதை நம்பாதீர்கள். படிக்கவே முடியாத டிஸ்க்கும் பாஸ்டு என்று காட்டியபடியே கிடப்பதுண்டு. கீழே உள்ள எண்களைப் பாருங்கள். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 198 தானாகச் சோதித்தபோது படிக்க முடியாதவை. 187 திருத்த முடியாமல் மேலே புகார் போன பிழைகள், 188 கட்டளைக்குப் பதில் சொல்லாமல் நேரம் கடந்தவை. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் டிஸ்க் சாகப் போகிறதா என்று பார்க்கக் கவனிப்பதும் இந்த ஐந்தைத்தான். 199 தனி ரகம், அது கேபிளின் கணக்கு. டிஸ்க்கின் வாழ்நாள் முழுக்கக் கூடிக்கொண்டே போகும், அழியாது. அதனால் 199-இல் 340 என்று பார்த்ததும் பதற வேண்டாம். குறித்து வைத்து, கேபிளை மாற்றி, மறுநாளும் அது 340-இலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.

197-இல் ஒன்று இரண்டு மட்டும் இருந்து டிஸ்க் இன்னும் அரேக்குள்ளேயே இருந்தால் நான் உடனே மாற்ற மாட்டேன். அந்த செக்டரைப் படிக்க முடியாதபோது லினக்ஸின் ரெய்டு பகுதியான எம்டி மற்ற டிஸ்க்குகளிலிருந்து டேட்டாவைக் கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதும், டிஸ்க்கும் தேவைப்பட்டால் மாற்று செக்டரைக் கொடுத்துவிடும், எண் பூஜ்யத்துக்கு இறங்கும். அதே எண் இன்று 8, நாளை 24, அடுத்த நாள் 100 என்று ஏறினால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எண் எவ்வளவு என்பதைவிட அது ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். சர்வர்களில் வரும் எஸ்ஏஎஸ் டிஸ்க்கில் இந்த எண்கள் இருக்காது, ‘க்ரோன் டிஃபெக்ட் லிஸ்ட்’ எவ்வளவு என்று பாருங்கள். என்விஎம்இ என்றால் ‘மீடியா எரர்’, ‘அவெய்லபிள் ஸ்பேர்’, ‘பெர்சென்டேஜ் யூஸ்டு’ மூன்றும் போதும்.

இன்னொரு விஷயம், இதை வீட்டில் சர்வர் கட்டுபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். டெஸ்க்டாப்புக்கென்று விற்கும் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரில் மாட்டினால் விடாமல் முயன்று பார்க்கும், அது நிமிடக்கணக்கில்கூடப் போகும். லினக்ஸோ 30 நொடிதான் காத்திருக்கும், அதற்குமேல் லிங்க்கை ரீசெட் செய்யும், அதிலும் பதில் இல்லையென்றால் டிஸ்க்கை அரேயிலிருந்து தள்ளிவிடும். ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக முழு டிஸ்க்கும் வெளியே. என்ஏஎஸ், சர்வர் ரக டிஸ்க்குகள் பொதுவாக 7 நொடியில் ‘முடியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். உங்கள் டிஸ்க்கில் அந்த வசதி இருக்கிறதா என்று ஸ்மார்ட்சிடிஎல்லின் ‘எஸ்சிடி-இஆர்சி’ சொல்லும். இருந்தால் 70 என்று வையுங்கள், அது நொடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு. நிறைய டிஸ்க்குகளில் மின்சாரம் போய் வந்தால் இது மறந்துவிடும், பூட் ஸ்கிரிப்ட்டில் போட்டுவிடுங்கள். வசதியே இல்லாத டிஸ்க் என்றால் லினக்ஸின் காத்திருப்பு நேரத்தை 180 நொடியாக உயர்த்துங்கள்.

இத்தனை பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? தள்ளப்பட்ட அந்த டிஸ்க்கை மட்டும் காலியாக உள்ள வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிச் சோதியுங்கள். தொல்லை டிஸ்க்கோடு கூடவே போனால் டிஸ்க், பழைய ஸ்லாட்டிலேயே தங்கிவிட்டால் பேக்ப்ளேனோ கேபிளோ. டிகிரேடாக இருக்கும் அரேயின் நல்ல டிஸ்க்குகளை இந்தப் பரீட்சைக்கு இழுக்கவே கூடாது.

சரி, எந்த டிஸ்க்?

மொத்த வேலையிலும் கை நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். எஸ்டிசி போய்விட்டது என்று லாக் சொல்கிறது. எஸ்டிசி என்பது பூட் ஆகும்போது லினக்ஸ் கண்ட வரிசைக்குக் கொடுத்த பெயர். அடுத்த பூட்டில் அதே டிஸ்க் எஸ்டிஇ ஆகலாம். ஓடும்போதே லிங்க் அறுந்து திரும்ப வந்தால்கூட எஸ்டிசியாகப் போனது எஸ்டிஜியாகத் திரும்பி வரும். பெட்டியில் ஸ்லாட் எண்ணைச் சிலர் 0-இலிருந்து எண்ணுவார்கள், சிலர் 1-இலிருந்து. ஒரே பெட்டியில் ஸ்டிக்கர் 1 என்றும் கன்ட்ரோலர் மென்பொருள் 0 என்றும் சொல்வது சகஜம். நாலாவது ஸ்லாட் என்று போனில் ஒருவர் சொல்ல, இன்னொருவர் சர்வர் ரூமில் நின்று உருவுகிறார் என்றால் இரண்டு பேரும் ஒரே நாலைத்தான் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்பத் தகுந்தது சீரியல் நம்பர் ஒன்றுதான். போன டிஸ்க் இன்னும் பதில் சொன்னால் ஸ்மார்ட்சிடிஎல்லிலேயே கிடைக்கும். சுத்தமாகப் பேச்சில்லை என்றால் தலைகீழாகப் போங்கள்: உயிரோடு இருக்கும் ஐந்தின் சீரியல் நம்பர்களையும் எழுதுங்கள், பெட்டியில் இருக்கும் ஆறில் அந்தப் பட்டியலில் வராததுதான் போனது. டெவ் அடைவுக்குள் ‘டிஸ்க்’, அதற்குள் ‘பை-ஐடி’ என்று போனால் பெயரிலேயே மாடலும் சீரியலும் இருக்கும்.

அடுத்தது அந்த நம்பர் எந்த ஸ்லாட்டில் என்பது. நல்ல பேக்ப்ளேன் என்றால் ‘லெட்சிடிஎல்’ மூலம் அடையாள விளக்கை மினுக்க வைக்கலாம். மெகாரெய்டு கார்டு என்றால் ஸ்டார்சிஎல்ஐயில் ‘ஸ்டார்ட் லொகேட்’. விளக்கே இல்லாத பெட்டியில் ஒரு பழைய வித்தை இருக்கிறது. நல்ல டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக டிடி கட்டளை வைத்துப் படிக்க விடுங்கள், படிக்க மட்டும், வெளியீடு எதையும் சேமிக்காத டெவ்-நல்லுக்குப் போகட்டும். வேலை விளக்கு விடாமல் எரியும் ஸ்லாட்டைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எதற்குமே எரியாமல் மிஞ்சும் ஸ்லாட் உங்களுடையது. அப்படியும், ட்ரேயின் லீவரை விடுவித்து டிஸ்க்கை இரண்டு விரல்கடை மட்டும் வெளியே இழுத்து நிறுத்துங்கள். கனெக்டர் பிரிந்துவிடும், மோட்டார் அடங்க அரை நிமிடம் ஆகும், சுழலும் தட்டோடு அசைப்பது அதற்கு நல்லதல்ல. அப்புறம் முழுதாக எடுத்து லேபிளில் உள்ள சீரியலை கையில் உள்ள தாளோடு கடைசி நாலு எழுத்து வரைக்கும் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையா, இன்னொன்றில் கை வைக்காமல் எம்டிஸ்டாட்டைப் பாருங்கள். ரைட்-இன்டென்ட் பிட்மேப் இருக்கும் அரே என்றால், தவறி உருவிய டிஸ்க்கைத் திரும்பச் செருகி ‘ரீ-ஆட்’ செய்தால் இடையில் மாறிய பகுதிகளை மட்டும் எழுதிச் சில நிமிடங்களில் சேர்த்துக்கொள்ளும். பிட்மேப் இல்லையென்றால் முழு ரீபில்டுதான்.

ஒன்று விட்டுவிட்டேன். டிஸ்க் இன்னும் அரேயின் பட்டியலில் இருந்தால் உருவுவதற்கு முன்னால் எம்டி-ஆடத்தில் ‘ஃபெயில்’, அப்புறம் ‘ரிமூவ்’.

புது டிஸ்க்

8 டிபி என்று இரண்டு கம்பெனி விற்றால் செக்டர் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். ஒரு செக்டர் குறைந்தாலும் அரே ஏற்காது. பெரியதாக இருந்தால் பரவாயில்லை. அதனால்தான் புதிதாக அரே கட்டும்போது முழு டிஸ்க்கையும் கொடுக்காமல், கடைசியில் 100 எம்பி விட்டு பார்ட்டிஷன் போட்டுக் கட்டுங்கள் என்று சொல்வார்கள்.

வாங்குமுன் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். சிஎம்ஆரில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒன்றை மாற்றினால் அடுத்தடுத்ததையும் திரும்ப எழுத வேண்டும். சும்மா கோப்பு போட்டு வைக்க அது போதும், மணிக்கணக்கில் எழுதும் ரீபில்டில் மூச்சுத் திணறும், சில சமயம் பதில் சொல்லத் தாமதமாகி அரேயே அதைத் தள்ளிவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 டிபி முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று ஒப்புக்கொண்டது, அப்புறம்தான் சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது.

புதியது என்று வாங்கியது புதியதுதானா என்றும் பாருங்கள். மணிக்கணக்கை அழித்துப் பழைய டிஸ்க்கைப் புதிது போல விற்பது நடக்கிறது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் சீகேட் டிஸ்க்குகளை இப்படி விற்பனையாளர்கள் விற்றது பெரிய செய்தியானது. சீகேட்டில் ‘ஃபார்ம்’ என்றொரு தனிப் பதிவு இருக்கிறது, ஸ்மார்ட்சிடிஎல்லே அதைப் படித்துக் காட்டும். வழக்கமான எண் 2 மணி நேரம் என்றும் ஃபார்ம் 20,000 மணி நேரம் என்றும் சொன்னால் டிஸ்க்கைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நேரம் இருந்தால், அதாவது ரெய்டு 6-இல் இன்னும் ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் நிலையில் இருந்தால், புது டிஸ்க்கை வேறொரு கணினியில் முழுதாக எழுதிப் படித்துச் சோதித்த பிறகு சேருங்கள். ஒரு டிஸ்க் போவதை மட்டும் தாங்கும் ரெய்டு 5 ஏற்கெனவே டிகிரேடாக நிற்கிறது என்றால் அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை. ஸ்மார்ட் ஷார்ட் டெஸ்ட் இரண்டு நிமிடம், அது போதும், சேர்த்துவிடுங்கள். அதனால்தான் சோதித்து முடித்த டிஸ்க் ஒன்று அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டும் என்கிறேன்.

யுஎஸ்பி டிஸ்க்கின் வெளிப்பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்க் சில பெட்டிகளில் சுழலவே சுழலாது. செத்துப் பிறந்தது என்று எறிந்துவிடாதீர்கள். சாட்டா பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் நின்றுவிடும்படி புதிய தரநிர்ணயத்தில் வசதி வைத்திருக்கிறார்கள், பழைய பவர் சப்ளை அந்தப் பின்னில் 3.3 வோல்ட்டை எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த வோல்ட்டைத் தராத கனெக்டரில் மாட்டினால் ஓடும்.

பார்ட்டிஷன் அட்டவணையை ஒரு நல்ல டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்க எஸ்ஜி-டிஸ்க் பயன்படுத்துவீர்கள் என்றால் ஒரு கண் வையுங்கள்: அதன் நகல் கட்டளையில் முதலில் வருவது போய்ச் சேரும் டிஸ்க், பின்னால் வருவதுதான் மூலம். மாற்றிப் போட்டால் நல்ல டிஸ்க்கின் அட்டவணை காலி. நகல் எடுத்ததும் புது டிஸ்க்கின் அடையாள எண்களைப் புதிதாக்கச் சொல்லுங்கள். அதே டிஸ்க்குகளிலிருந்துதான் சர்வர் பூட் ஆகிறது என்றால் புதியதிலும் பூட் ஏற்றியான க்ரப்பை நிறுவுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் முதல் டிஸ்க் போகும்போது சர்வர் எழுந்திருக்காது.

ரீபில்டு

கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க் இன்னும் அரைகுறையாகப் படிக்க முடிகிறது என்றால் ‘ஃபெயில்’ செய்யவே செய்யாதீர்கள். காலி ஸ்லாட்டில் புதியதைப் போட்டு ‘ஆட்’ செய்து, எம்டி-ஆடத்தின் ‘ரீப்ளேஸ்’ ஆப்ஷனில் பழையதையும் ‘வித்’ என்று புதியதையும் கொடுங்கள். பழையதிலிருந்து நேரடியாக நகல் ஓடும், படிக்க முடியாத இடங்களை மட்டும் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு நிரப்பும். நகல் முடியும்வரை பழையதும் அரேயின் உறுப்பினராகவே இருக்கும், பாதுகாப்பு ஒரு படியும் இறங்காது. இதற்காகவே ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டு வைப்பேன்.

டிஸ்க் முழுதாகப் போய்விட்டதென்றால் புதியதை ‘ஆட்’ செய்ததும் ரீபில்டு தானாகத் தொடங்கும். எவ்வளவு நேரம்? 8 டிபி, நொடிக்கு 150 எம்பி என்று வைத்தால் கிட்டத்தட்ட 15 மணி நேரம், அதுவும் வேறு யாரும் தொடாமல் இருந்தால். ஆபீஸ் நேரத்தில் எல்லோரும் கோப்புகளை இழுத்தால் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். லினக்ஸ் மற்ற வேலைகளுக்கு வழிவிட்டு ரீபில்டை நொடிக்கு 1,000 கேபி வரைக்கும் இறக்கிவிடும், உச்சம் 200,000 கேபி. குறைந்தபட்ச எண்ணை 50,000 என்று உயர்த்தினால் ஆட்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், ரீபில்டு சீக்கிரம் முடியும். நான் முணுமுணுப்பையே தேர்ந்தெடுப்பேன். இரவு பேக்கப், வைரஸ் ஸ்கேன், திட்டமிட்ட ஸ்க்ரப் (எல்லா செக்டரையும் படித்துச் சரிபார்ப்பது) எல்லாவற்றையும் தள்ளிப் போடுங்கள். மற்ற ஐந்து டிஸ்க்குகளின் 197-ஐயும் வெப்பநிலையையும் சில மணிக்கு ஒருமுறை பாருங்கள், மாதக்கணக்கில் யாரும் தொடாத செக்டரெல்லாம் இப்போதுதான் படிக்கப்படுகிறது.

ரெய்டு 5-ஐப் பற்றிய பயம் இங்கேதான் வருகிறது. சாதாரண டிஸ்க்கின் விவரத்தாளில் ஒரு கோடி கோடி பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்று போட்டிருக்கும், அது 12.5 டிபி. நாலு 8 டிபி டிஸ்க் கொண்ட ரெய்டு 5-இல் ஒன்று போனால் 24 டிபி படித்தாக வேண்டும், ஆகவே பிழை நிச்சயம் என்று கணக்குப் போட்டுப் பயமுறுத்துவார்கள். நல்ல டிஸ்க் அந்தத் தாளில் உள்ளதைவிட நன்றாகவே நடந்துகொள்கிறது, 24 டிபியைப் பிழையில்லாமல் படிப்பது அன்றாடம் நடக்கிறது. ஆனால் ஸ்க்ரப்பே ஓடாமல் இரண்டு வருடம் கிடந்த அரே என்றால் பயப்பட வேண்டியதுதான். மறைந்திருக்கும் கெட்ட செக்டர் ரீபில்டின் நடுவில்தான் முதன்முதலாக முகம் காட்டும்.

கன்ட்ரோலர், இசட்எஃப்எஸ்

மெகாரெய்டு, டெல்லின் பெர்க் மாதிரிக் கார்டுகளில் ஆபத்தான சொல் ‘ஃபாரின்’. டிஸ்க்கில் உள்ள ரெய்டு அமைப்பு கார்டின் நினைவிலிருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். அப்போது ‘இம்போர்ட்’, ‘கிளியர்’ என்று இரண்டு வழி காட்டும். கேபிள் பிரிந்து பல டிஸ்க் ஒன்றாகப் போய்த் திரும்பிய நிலையில் கிளியர் கொடுத்தால் அரேயின் அமைப்பு விவரமே அழிந்துவிடும். அதே சமயம் வாரக்கணக்கில் வெளியே கிடந்த ஒற்றை டிஸ்க்கை இம்போர்ட் செய்வதும் சரியல்ல, அதிலிருப்பது பழைய டேட்டா. முதலில் பிரிவ்யூ பாருங்கள், புரியவில்லையென்றால் எதையும் அழுத்தாமல் வெளியே வாருங்கள். புது டிஸ்க்கைச் செருகியும் ரீபில்டு தொடங்கவில்லை என்றால் பெரும்பாலும் அது ஜேபாட் (ரெய்டில் சேராத தனி டிஸ்க்) என்றோ ‘அன்கான்ஃபிகர்டு பேட்’ என்றோ நிற்கும். ‘குட்’ என்று மாற்றி ஹாட் ஸ்பேராக (தயார்நிலையில் நிற்கும் மாற்று டிஸ்க்காக) சேர்த்தால் நகர ஆரம்பிக்கும். இந்தக் கார்டுக்குப் பின்னால் உள்ள டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரம் சும்மா கேட்டால் வராது, ஸ்மார்ட்சிடிஎல்லில் ‘மெகாரெய்டு’ என்றும் டிஸ்க் எண்ணும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இசட்எஃப்எஸ் பக்கம் வாழ்க்கை கொஞ்சம் சுகம். ‘ஜெட்பூல் ஸ்டேட்டஸ்’ எந்த டிஸ்க்கில் படிப்பதில், எழுதுவதில், செக்சம்மில் (டேட்டா மாறவில்லை என்று சரிபார்க்கும் கணக்கில்) எத்தனை பிழை என்று தனித்தனியாகச் சொல்லும். எல்லா டிஸ்க்கிலும் செக்சம் பிழை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் டிஸ்க்கை விட்டுவிட்டு ரேமையும் கன்ட்ரோலரையும் பாருங்கள். மாற்றுவதற்கு ‘ரீப்ளேஸ்’, அது டேட்டா இருக்கும் இடத்தை மட்டும் நகல் எடுக்கும். பாதி காலியான பூல் என்றால் பாதி வேலைதான்.

இரண்டாவதும் போய்விட்டால்

ரெய்டு 5-இல் இரண்டு, ரெய்டு 6-இல் மூன்று போய்விட்டால் அரே நின்றுவிடும். இங்கே முதல் விதி, ‘கிரியேட்’ கட்டளையைத் தொடாதே. ‘இதே டிஸ்க்குகளை வைத்துத் திரும்ப உருவாக்கினால் டேட்டா வந்துவிடும்’ என்று எங்காவது படித்திருப்பீர்கள். வரிசை, சங்க் அளவு, ஆஃப்செட் மூன்றும் முன்பு இருந்தபடியே பொருந்தினால்தான் வரும், பொருந்தாமல் ரீசிங்க் ஓடிவிட்டால் பேரிட்டி (இழந்த டேட்டாவைக் கணக்கிட ரெய்டு எழுதும் கூடுதல் எண்கள்) டேட்டாவின் மேலேயே எழுதப்பட்டுவிடும்.

‘எக்ஸாமின்’ காட்டும், அரேயில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் ஈவென்ட் எண்களைப் பாருங்கள். ஆறு டிஸ்க் கொண்ட ஒரு ரெய்டு 5-இல், நாலு டிஸ்க்கில் 48210, கடைசியாக விழுந்ததில் 48207, முதலில் விழுந்ததில் 31950 என்று இருந்தால் கதை புரிந்துவிடும்: 31950 எப்போதோ போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை, அதை ஒதுக்குங்கள். 48207 மற்றவற்றோடு ஒட்டி வருகிறது, ‘அசெம்பிள்’ கட்டளையோடு ‘ஃபோர்ஸ்’ சேர்த்தால் ஏற்றுக்கொள்ளும். அதற்கு முன் அந்த டிஸ்க்கை ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ வைத்து இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிகிற இடம் மட்டும், மேப் கோப்பு கட்டாயம். அடுத்த சுற்றில் விட்ட இடங்களை மூன்று முறை வரை முயலச் சொல்லுங்கள். அசெம்பிள் செய்யும்போது அசல் வெளியே இருக்கட்டும், நகல் உள்ளே. அரே எழுந்ததும் ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்து டேட்டாவை வெளியே எடுங்கள், கோப்பு முறையைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்செக்கை அதற்கு அப்புறம் ஓட்டிக்கொள்ளலாம்.

டிஸ்க் கடக் கடக் என்று தட்டினால் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஹெட் தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கலாம், ஒவ்வொரு முயற்சியும் மிச்சத்தைத் தின்னும். ஃப்ரிட்ஜில் வைப்பதெல்லாம் பழங்கதை, உள்ளே ஈரம் படிவதுதான் மிச்சம். டேட்டா அந்த விலைக்குத் தகுமா என்று பார்த்து மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள், தகாது என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு

ரீபில்டு முடிந்த அடுத்த நாள் ஒரு முழு செக் (ஸ்க்ரப்) ஓட்டுங்கள். டெபியன் குடும்பத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு இது தானாக ஓடும்படி வைத்திருப்பார்கள், உங்கள் சர்வரில் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். எம்டி-ஆடத்தின் மானிட்டரை ‘ஒன்ஷாட்’, ‘டெஸ்ட்’ இரண்டும் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு அரேக்கும் ஒரு சோதனை மெயில் வர வேண்டும். வரவில்லையென்றால் இந்தத் தடவை விளக்கு எரிந்ததை யாரோ பார்த்தது வெறும் அதிர்ஷ்டம். ட்ரேயின் முகப்பில் சீரியலின் கடைசி நாலு எழுத்தை லேபிளாக ஒட்டுங்கள்.

எல்லா டிஸ்க்கையும் ஒரே பேட்ச்சில் வாங்காதீர்கள். 2019 நவம்பரில் ஹெச்பிஇ தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி மாடல்களுக்கு அவசரமாக ஃபர்ம்வேர் வெளியிட்டது, 32,768 மணி நேரம் ஓடியதும் அந்த டிஸ்க் செத்துவிடும், டேட்டாவும் திரும்பாது என்பதால். 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் பெட்டியில் போட்ட டிஸ்க்குகள் ஒரே மணி நேரத்தில் போனால் ரெய்டு 6 என்ன, எந்த ரெய்டும் நிற்காது. டிஸ்க்குக்கும் ஃபர்ம்வேர் உண்டு, வருடத்துக்கு ஒருமுறையாவது அதைப் பாருங்கள்.

உருவிய டிஸ்க்கை என்ன செய்வது? செக் முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள். மேலே மார்க்கரால் தேதி, ஸ்லாட், என்ன பிழை என்று எழுதுங்கள். எழுதாத டிஸ்க் ஆறு மாதத்தில் ‘ஸ்பேர்’ என்று யாராவது எடுத்து இன்னொரு சர்வரில் போட்டுவிடுவார்கள். வாரன்டி இருந்தால் ஸ்மார்ட் டெஸ்ட் தோற்ற விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மிரரிலிருந்து (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் ரெய்டு 1) எடுத்த டிஸ்க் என்றால் அந்த ஒன்றிலேயே உங்கள் மொத்த டேட்டாவும் இருக்கிறது, அழிக்க முடிந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள். எழுதவே முடியாத நிலை, உள்ளே இருப்பது வாடிக்கையாளர் கணக்கு, என்க்ரிப்ஷனும் இல்லை என்றால் வாரன்டியை மறந்துவிட்டுத் தட்டில் துளை போட்டுவிடுங்கள்.